உரோனார்த்தி: எல்லைக் கோட்டையும் எல்லைக்கு அப்பாலோரும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஒரு தீவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. முதற்பெயரை இட்டவன் பேரரசன். இட்டதோடு அமையாமல் கல்லிலும் வெட்டி நாட்டினான். இரண்டாம் பெயரை இட்டோர் ஆற்றங்கரையில் பேரீந்து வளர்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த எளிய மக்கள். அவர்கள் அதனை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. வாயாற் சொல்லி வந்தனர், அவ்வளவே. இன்று உலக நிலப்படங்களில் எல்லாம் நிற்பது இரண்டாம் பெயரே. கல்லில் வெட்டிய பெயரோ, அகழ்ந்தெடுத்தோர் படித்துச் சொன்ன பின்னரே மீண்டும் மாந்தர் செவிக்கு எட்டியது. இவ்விரு பெயர்களுக்கும் இடையே கிடக்கும் மூவாயிரத்து எண்ணூறு ஆண்டு வரலாறே இங்குச் சொல்லப் புகுந்த செய்தி.

அத்தீவு சூடான் நாட்டின் வடபகுதியில் நைல் ஆற்றின் நடுவே உள்ளது. நைல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுவது. ஆகவே அங்கே வடக்கு என்பது கீழாறு. தெற்கு என்பது மேலாறு. இதனை முதற்கண் மனத்திற் கொள்ளாவிடின் பின்வருவன எல்லாம் தலைகீழாகத் தோன்றும். அவ்வாற்றின் போக்கில் கருங்கற் பாறைகள் குறுக்கிட்டுப் படகோட்டத்தைத் தடுக்கும் இடங்கள் ஆறு. அவற்றைப் பாறைத்தடை என்று சொல்லலாம். எகிப்தின் தென்வாயிலாகிய அசுவானில் உள்ளது முதல் தடை. அதற்குத் தெற்கே இன்றைய எகிப்து-சூடான் எல்லையை அடுத்து இருந்தது இரண்டாம் தடை. அதற்கும் தெற்கே, கல்லின் வயிறு என்று பொருள்படும் பெயரால் அரபியர் அழைக்கும் வறண்ட பாறைநிலம் தொடங்குகிறது. புல்லும் அரிது, வயலும் அரிது. ஆறு மட்டும் பாறைகளுக்கிடையே இரைந்துகொண்டு ஓடும். அந்நிலத்தில்தான் எகிப்தியப் பேரரசு தன் தென்னெல்லையை வகுத்தது.

எகிப்தும் ஓர் ஆப்பிரிக்கப் பேரரசே என்பதை இவ்விடத்து அழுத்திச் சொல்லுதல் வேண்டும். ஐரோப்பிய நூலாசிரியர் பலர் நெடுங்காலம் எகிப்தை ஆப்பிரிக்காவினின்று வெட்டியெடுத்துத் தம் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டே எழுதினர். அதன் தீமை எத்துணையது என்பது பின்னர்ப் புலப்படும்.

கி.மு. 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட வேந்தன் மூன்றாம் செனுசுரெத்து. அவனுக்கு முன்னோர் தொடங்கி வைத்த அரண்வரிசையை முற்றுவித்தவன் அவனே. பூகேன், மிர்கிசா, அசுகூத்து, சல்பாக்கு, உரோனார்த்தி, செம்னா, கும்மா எனக் கோட்டைகள் ஆற்றின் இரு கரையிலும் தீவுகளிலுமாக நின்றன. இவை நாம் இன்று வழங்கும் பெயர்கள். எகிப்தியர் இட்ட பெயர்கள் வேறு. செம்னாக் கோட்டைக்கு வேந்தனின் முடிப்பெயரைச் சேர்த்து அவன் வலியன் எனப் பெயர். கும்மாவுக்கு விற்படையினரை எதிர்ப்பது எனப் பெயர். சல்பாக்கு அயல்நாடுகளை அடக்குவது. உரோனார்த்தித் தீவின் அரணோ இயுந்தியரைத் துரத்துவது. இயுந்தியர் என்பது தெற்கத்திய பழங்குடிகளுக்கு எகிப்தியர் வழங்கிய பெயர்களுள் ஒன்று. ஊருக்குப் பெயரிடுவோர் மலையையோ மரத்தையோ குலத்தையோ தெய்வத்தையோ நினைத்து இடுவர். இங்கே ஊர்ப்பெயரே ஒரு போர்முழக்கம்! அக்கோட்டையில் பிறந்த குழந்தை தன் ஊர்ப்பெயரைச் சொல்லும் போதெல்லாம் அண்டைநாட்டானைத் துரத்திக்கொண்டே சொல்ல வேண்டும்.

பெயரோடு நின்றானில்லை. தன் எட்டாம் ஆட்சியாண்டில் அவன் செம்னாவில் நாட்டிய எல்லைக்கல் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் கருத்து இது: தெற்கத்தியன் எவனும் இவ்வெல்லையைக் கடந்து வடக்கே வருதல் கூடாது, நிலவழியாயினும் படகுவழியாயினும் கூடாது, அவன் மந்தையும் வருதல் கூடாது. இக்கென் என்னும் இடத்தில் வணிகம் செய்ய வருவோனுக்கும் தூது வருவோனுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அவர்க்கு நல்லனவே செய்யப்படும். ஆயினும் அவர் படகு செம்னாவைத் தாண்டிக் கீழாற்றில் ஒருநாளும் செல்லலாகாது. இக்கென் என்பது மிர்கிசாவே எனப் பின்னர் ஆய்வாளர் நிறுவினர். வணிகம் வேண்டும், வணிகன் வேண்டா. பொன்னும் யானை மருப்பும் கருங்காலியும் விலங்குத்தோலும் வடக்கே போகலாம். அவற்றைக் கொண்டுவந்தவன் போகலாகாது.

எட்டாண்டுக்குப் பின் பதினாறாம் ஆட்சியாண்டில் இன்னொரு கல் நாட்டினான். அதன் ஒருபடி செம்னாவில் கிடைத்தது. மற்றொருபடி உரோனார்த்தியில் கிடைத்துக் கார்த்தூம் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. இந்த எல்லையைக் காப்பவனே தன் மகன், கைவிடுபவன் தனக்குப் பிறந்தவனே அல்லன் என்று வேந்தன் அதிற் சொல்கிறான். தெற்கத்தியரைப் பற்றிச் சொல்லும் பகுதியோ கல்நெஞ்சனும் கூசும் வகையது. அவர்கள் மதிக்கத்தக்க மாந்தர் அல்லர் என்றும் நெஞ்சுடைந்த இழிந்தோர் என்றும் சொல்லி, அவர்தம் பெண்டிரைச் சிறைபிடித்ததையும் கிணற்றடி வரை சென்று மாடுகளைக் கொன்றதையும் விளைந்த கூலத்தை அறுத்துத் தீயிட்டதையும் பெருமையாக அடுக்குகிறான். நெஞ்சுடைந்தவரைத் தடுக்க இத்தனை கோட்டை எதற்கு? கல்வெட்டைப் படிப்போர் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே. பல்லாண்டுக் காலம் அதனைக் கேட்டோர் மிகச் சிலர்.

உரோனார்த்தியை முதலில் முறையாக அகழ்ந்தோர் அமெரிக்கர். ஆர்வர்டு பல்கலைக்கழகமும் பாசுடன் நுண்கலை அருங்காட்சியகமும் இணைந்து அனுப்பிய குழுவுக்குத் தலைவர் சியார்சு இரைசுனர். அவர்க்காக நோயல் வீலர் 1928 முதல் 1930 வரை அங்கே பணியாற்றினார். மலைமுகட்டின் வடிவுக்கேற்ப முக்கோணமாக அமைந்த கோட்டை, சுடாத செங்கல்லால் எழுப்பி, இடையிடையே மரக்கட்டைகளும் புற்பாயும் வைத்துக் கட்டிய தடித்த மதில், உள்ளே நேர்த்தெருக்கள், முன்னே ஓரறையும் பின்னே ஈரறையுமாக ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற படைவீடுகள், களஞ்சியம், தலைவன் மனை, ஆற்றுக்கு இறங்கும் படிவழி. பாலைநடுவே பாறைமேல் நின்றதாயினும் நூல்பிடித்துக் கட்டிய ஊர்.

ஆயின் அவ்வகழாய்வின் பெருஞ்செல்வம் மதிலன்று, குப்பை. உடைந்த களிமண் முத்திரைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கிடைத்தன. கதவு, மூட்டை, பெட்டி, மடல் ஆகிய எதனைக் கட்டினாலும் முடிச்சின்மேல் களிமண் அப்பி முத்திரை குத்துவது எகிப்தியர் வழக்கம். திறக்கும்போது உடைத்தெறிந்த துண்டுகள் குப்பையிற் சேர்ந்தன. சிலவற்றில் அலுவலகத்தின் பெருமுத்திரைமேல் ஓர் ஆளின் சிறுமுத்திரையும் பதிந்திருக்கும். களஞ்சியம் திறந்தவன் யாவன் எனக் கணக்குக் காட்ட இஃது ஏற்பாடு. அயற்கோட்டைகளிலிருந்து வந்த மடல்களின் முத்திரைகளும் கலந்து கிடந்தன. இன்னொன்றும் கிடைத்தது: அப்ப வடிவில் செதுக்கி, சுண்ணம் பூசி, அளவெழுதிய மரத்துண்டுகள். படைமறவனுக்கு உரிய உணவளவைக் குறிக்கும் அடையாளம் அது என்பர். பேரரசின் தென்கோடியில் காவல் நின்றவன் மரத்தில் செதுக்கிய அப்பத்தைக் காட்டி மாவில் சுட்ட அப்பத்தைப் பெற்றான். வேந்தன் கல்லில் முழங்கியது ஒருபுறம் இருக்க, அவன் மறவனுக்கு நாள்தோறும் பெரிதாயிருந்தது இதுவே.

அக்காவலர் என்ன செய்தனர் என்பதற்கு வேறோரிடத்தில் சான்று கிடைத்தது. தொலைவடக்கே தீப்சு நகரில், இரமேசேயக் கோயிலின் கீழே இருந்த பழங்கல்லறை ஒன்றில் 1895-96இல் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. அதனுள் இருந்த சுவடிகளுள் ஒன்று, செம்னா முதலிய கோட்டைகளிலிருந்து சென்ற மடல்களின் படி. மூன்றாம் செனுசுரெத்துக்குப் பின் ஆண்ட மூன்றாம் அமெனெம்காத்து காலத்தது. அவற்றிற் போர் இல்லை, முழக்கம் இல்லை. பாலைவிளிம்பில் முப்பத்திரண்டு ஆள்களும் மூன்று கழுதைகளும் சென்ற அடிச்சுவடு கண்டோம் என்பது ஒரு மடலின் செய்தி. வணிகம் செய்ய வந்த தெற்கத்தியர் கொணர்ந்ததை விற்றனர். அவர்க்கு அப்பமும் கள்ளும் கொடுத்து வந்த வழியே அனுப்பினோம் என்பது மற்றொன்று. மூன்றாவது ஒன்று நெஞ்சை விட்டு அகலாதது. கிழக்குப் பாலையில் வாழ்ந்த மெச்சாயர் என்னும் மக்களிற் சிலர், ஆணும் பெண்ணுமாக இறங்கி வந்து, பாலை பசியால் மாய்கிறது, அரண்மனைக்கு ஏவல் செய்யவே வந்தோம் என்றனராம். கோட்டையார் அவர்களைப் பாலைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மேலிடத்துக்கு அதனைக் கணக்காக எழுதினர். நாலாயிரம் ஆண்டாகப் போகிறது. அம்மடலை எழுதிய கணக்கனுக்கு இரக்கம் தோன்றியதா என்பதை எழுத்து சொல்லவில்லை. அலுவல் மடல் அதனைச் சொல்வதும் இல்லை.

இனி, இக்கோட்டைகளுக்கு நேர்ந்தது. அசுவான் பேரணையின் கட்டுமானம் 1960இல் தொடங்கி 1970இல் முடிந்தது. 1960 மார்ச்சுத் திங்களிலேயே யுனெசுகோ உலகோரை உதவிக்கு அழைத்தது. அபு சிம்பெல் கோயில்களைப் பாளம் பாளமாக அறுத்து மேலே ஏற்றிய செய்தியை யாவரும் அறிவர். செம்னா, கும்மா, பூகேன் ஆகிய இடங்களின் கற்கோயில்களும் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கார்த்தூம் அருங்காட்சியகத் தோட்டத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டன. செங்கற்கோட்டைகளைப் பெயர்ப்பது யாங்ஙனம்? அவை நீரில் கரையும் மண். 1957 முதல் வால்ட்டர் எமரி அகழ்ந்து காட்டிய பூகேன் பெருங்கோட்டை மூழ்கியது. மிர்கிசாவும் அசுகூத்தும் மூழ்கின. உரோனார்த்தியும் சல்பாக்கும் மூழ்கியனவே என்று அறிஞர் உலகம் கணக்கை முடித்துக்கொண்டது. இரைசுனர் 1942இலேயே மறைந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு தௌசு தன்காம் 1967இல் வெளியிட்ட நூலே உரோனார்த்திக்கு நடுகல்லாயிற்று.

நடுகல் நட்டபின் இறந்தவன் எழுந்து வந்த கதை இனி. பிரௌன் பல்கலைக்கழகத்து இலாரல் பெசுதாக்கும் அவர்தம் தோழர் கிறித்தியன் நோப்லாக்கும் 2012இல் நேரிற் சென்று பார்த்தபோது, மலைமுகட்டுக் கோட்டை நீருக்கு மேலே நின்றுகொண்டிருந்தது! தாழ்நிலம் ஏரிக்குள் போயிற்று, முகடு தப்பியது. சல்பாக்கும் அவ்வாறே தப்பியது. பாறையின் உயரத்தையும் ஏரியின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும். நூலில் மூழ்கியது என்று அச்சாகிவிட்டால் அதன்பின் நீர் வற்றினாலும் நூல் வற்றாது போலும்.

மீண்டும் தொடங்கிய ஆய்வு பழைய அகழாய்வினின்று முற்றும் வேறுபட்டது. வீலர் நூற்றுக்கணக்கான கூடைகளில் மண்ணை அள்ளிக் கொட்டி மதிலைத் தேடினார். புதியவரோ மண்ணின் அடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தனர். நிழற்படங்களைக் கணிப்பொறியால் இணைத்துச் சுவரின் முழுவடிவையும் அளவோடு பதிந்தனர். கோட்டைக்குள் மட்டும் நில்லாது தீவு முழுவதையும் நடந்து அளந்தனர். அவ்வாறு நடந்தபோது, கோட்டைக்கு வெளியே ஒரு மலைச்சரிவில், சாந்து இன்றிக் கல்மேற் கல்லடுக்கிய குடில்களின் தொகுதி ஒன்று கண்ணிற் பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட குடில்கள். நேர்த்தெரு இல்லை, ஒரே அச்சு இல்லை, சரிவு எவ்வாறு வளைந்ததோ அவ்வாறு வளைந்து கட்டியவை.

எவர் இக்குடில்களில் வாழ்ந்தோர்? முதற்பார்வையில் தோன்றும் விடை, உள்நாட்டு மக்கள் என்பது. கோட்டைக்குள் வெற்றியாளர், வெளியே தோற்றோர் என்று கதை கட்ட ஏற்ற இடமன்றோ? ஆனால் அங்குக் கிடைத்த பானையோடுகளிற் பெரும்பாலன எகிப்திய வகையாய் இருந்தன. கோட்டை எழுந்த காலத்தனவாயும் இருந்தன. அவற்றினூடே தெற்கத்தியர் கைவனைவுகள் சிலவே. ஆகவே பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டோரே மதிலுக்கு வெளியே கற்குடிலிலும் வாழ்ந்திருக்கின்றனர். பேரரசு தானே வரைந்த வரைபடத்துக்குள் தன் மக்கள் அனைவரையும் அடைக்க இயலவில்லை. நூல்பிடித்த கோட்டை வேந்தனின் விருப்பத்தைக் காட்டுகிறது. வளைந்த குடில் நடந்ததைக் காட்டுகிறது.

தோற்றவன் உறுதியாக வெளியே இருப்பான், வென்றவன் உள்ளே இருப்பான் என்னும் எண்ணத்தை அண்டைத் தீவாகிய அசுகூத்தும் உடைத்தது. அங்கே 1962 முதல் 1964 வரை அலெக்சாந்தர் பதாவி அகழ்ந்து எடுத்தவற்றை, பின்னாளில் சுதூவர்ட்டு தைசன் சுமித்து வகைப்படுத்தி எண்ணினார். உண்கலங்களும் சேமக்கலங்களும் பெரும்பாலும் எகிப்தியவை. சமையற் பானைகளிலோ தெற்கத்தியர் கைவனைவுகளின் பங்கு மிகுதி. காலம் செல்லச் செல்ல அப்பங்கு ஏறிக்கொண்டே போயிற்று. கரணியம் என்ன? அடுப்படியில் நின்றவள் நூபியப் பெண் என்பது அவர் கண்ட விடை. கோட்டை மதிலில் தெற்கத்தியரைத் தூற்றும் எழுத்து. அம்மதிலுக்குள் தெற்கத்தியள் ஆக்கிய சோறு. வேந்தன் விலக்கிய எல்லையைப் பானை கடந்தது. தாய்மொழி எந்த வழியாக வீட்டுக்குள் நுழையும் என்பதை அறிந்தோர்க்கு இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எல்லைக்கு அப்பால் இருந்தவர் யாவர்? மூன்றாம் பாறைத்தடைக்கு அருகில் கெர்மா என்னும் இடத்தில் ஒரு தலைநகர் இருந்தது. ஏறத்தாழ கி.மு. 2500 முதல் கி.மு. 1500 வரை ஆயிரம் ஆண்டு நிலைத்த அரசு. எகிப்தியர் கூசு என்று பெயரிட்டு இழிந்த என்னும் அடைமொழி சேர்த்தே எழுதியது இவ்வரசையே. அங்கே மண்மேடாய் எழுப்பிய கல்லறைகளுட் பெரியவை தொண்ணூறு மீட்டர் அகலத்தை எட்டுவன. ஒரு கல்லறையைச் சுற்றி மட்டும் நாலாயிரத்திற்கு மேற்பட்ட மாட்டு மண்டையோடுகள் அடுக்கப்பட்டிருந்தன. திகிரி இல்லாமல் கையாலேயே வனைந்த அவர்தம் குவளைகள், முட்டையோடு போல் மெல்லியன, வாயருகே கருமையும் அடியிற் செம்மையுமாய் ஒளிர்வன. அவற்றுக்கு நிகர் எகிப்தியர் கையில் இல்லை.

கெர்மாவை முதலில் அகழ்ந்தவரும் அதே இரைசுனரே. 1913 முதல் 1916 வரை. பெருங்கல்லறை ஒன்றில் எகிப்திய ஆளுநன் அபிசேபாவின் படிமம் கிடைத்தது. உடனே அவர், இது எகிப்தியர் அமைத்த வணிகக் காவல்நிலை, இக்கல்லறைகள் எகிப்திய ஆளுநர்களுடையவை என்று முடிவு கட்டினார். கறுப்பின மக்கள் இத்துணைப் பெருங்கட்டடம் எழுப்பியிருக்க முடியாது என்பது அவர் நெஞ்சில் முன்பே இருந்த தீர்ப்பு. மண்ணிலிருந்து வந்ததை அத்தீர்ப்புக்கு ஏற்ப மடித்துக்கொண்டார். உழைப்பிலும் பதிவிலும் அவர்க்கு இணையானோர் அக்காலத்திற் குறைவு என்பதையும் மறைத்தல் ஆகாது; அவர் பதிவுகள் நேர்மையாய் இருந்தமையால்தான் பின்வந்தோர் அவர் முடிவையே அவற்றைக் கொண்டு தள்ள முடிந்தது. எர்மன் யுங்கர் 1920இலேயே மறுத்தார். சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லசு பொன்னே 1970களிலிருந்து பல்லாண்டு அங்கே அகழ்ந்து, நகரும் மதிலும் கோயிலும் அரண்மனையும் கெர்மா மக்கள் தாமே எழுப்பியவை என நிறுவினார். ஆளுநன் படிமமோ கொள்ளையிலோ கொடுக்கல் வாங்கலிலோ வந்த பொருள். அவ்வாளுநன் தனக்குக் குடைவித்த கல்லறை எகிப்தின் அசியூத்து நகரில் இருக்கிறது.

எட்டாம் ஆண்டுக் கல்லுக்கும் பதினாறாம் ஆண்டுக் கல்லுக்கும் இப்போது பொருள் விளங்கும். செனுசுரெத்து தடுத்தது நெஞ்சுடைந்தோரை அல்ல. வளர்ந்து வரும் ஓர் அரசை. அவன் வழியினர் தளர்ந்தபோது அவ்வரசு கோட்டைகளையே கைக்கொண்டது. பூகேனில் இருந்த சேபெத்கேர் என்னும் எகிப்தியத் தலைவன், கூசு நாட்டு அரசன் மனம் நிறையும்படி அங்கே கோயிலெடுத்ததாகத் தன் நினைவுக்கல்லில் எழுதிக்கொண்டான். எந்த வேந்தன் எல்லையைக் காக்கக் கோட்டை எழுந்ததோ, அவன் குடியிற் பிறந்தோன் எல்லைக்கு அப்பாலான் ஏவலில் நின்றான். எல்லையைக் கைவிட்டவன் தன் மகன் அல்லன் என்ற கல், கூப்பிடு தொலைவில் இல்லையாயினும் சில நாள் நடையில் நின்றுகொண்டிருந்தது.

கூசு மக்கள் அக்காலத்தில் எழுதவில்லை. ஆகவே அவர்தம் பெயர்கள் நமக்கு வந்த வழி வியப்புக்குரியது. சான் வெர்கூத்தெர் தலைமையில் பிரெஞ்சுக் குழு 1960களில் மிர்கிசாவில் ஒரு குழியைக் கண்டது. அதில் ஏறத்தாழ இருநூறு செம்மட்கலங்கள், எழுத்தோடு, வேண்டுமென்றே உடைத்துப் போடப்பட்டிருந்தன. அருகே தலை வேறாக்கிய ஓர் ஆளின் உடலும் கிடந்தது. எகிப்துக்குப் பகைவர் என்று கருதியோரின் பெயர்களைக் கலத்தில் எழுதி, வசைகூறி உடைக்கும் சடங்கு அது. பெயரை உடைத்தால் பெயருடையான் மாய்வான் என நம்பினர். நடந்தது என்ன? உடைத்தவர் பெயர் ஒன்றும் அக்கலங்களில் இல்லை. மாய வேண்டும் என்று எழுதிய கூசு நாட்டுத் தலைவர் பெயர்களே மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்தன. பகைவன் எழுத்தில், பகைவன் காதுக்குக் கேட்டபடி எழுதியவையாயினும், அம்மக்களின் மொழி ஒலிக்கு மிகப் பழைய சான்றுகளுள் அவையும் உண்டு. அம்மொழியின் பிற்காலக் கிளை எனக் கருதத்தக்க மெரோயிய மொழிக்குக் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் இருபத்துமூன்று எழுத்துகள் கொண்ட தனி வரிவடிவம் தோன்றியது. சொல்லுக்குச் சொல் இடையே இரண்டு மூன்று புள்ளியிட்டுப் பிரித்து எழுதினர். கிரிபித்து என்னும் ஆங்கில அறிஞர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தொலிகளைக் கண்டார். படிக்க முடிகிறது, பொருளோ சிறிதளவே தெளிந்துள்ளது. குளோது இரில்லி என்னும் பிரெஞ்சு மொழிநூலார், இன்றைய நூபிய மொழிகள் சேர்ந்த குடும்பத்தோடு அதனை இணைத்துக் காட்டியது பெரியதோர் முன்னேற்றம்.

இனித் தீவின் இரண்டாம் பெயருக்கு வருவோம். உரோனார்த்தி என்பது நூபியச் சொல். அரசனைக் குறிக்கும் சொல் முன்னிற்க, நடுவே னகரமெய் உடைமைப்பொருள் வேற்றுமை உருபாய் நிற்க, தீவு என்னும் பொருளுடைய அர்த்தி இறுதியில் நிற்கிறது. அரசனது தீவு என்பது பொருள். அண்டையில் இருந்த தோர்கினார்த்தி, தபெனார்த்தி, மெயினார்த்தி ஆகிய தீவுகளின் பெயரிலும் இவ்வர்த்தியே ஈறாய் நிற்கக் காணலாம். ஆர்வம் மிக்க இளைஞர் சிலர் இதனைக் கண்டதும் தமிழ்ச்சொல் எதனோடேனும் முடிச்சிட விரும்புவர். அது வேண்டா. ஒலி ஒத்தல் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. ஒழுங்கான ஒலித்திரிபும் அடிப்படைச் சொற்றொகுதியும் ஒத்தாலன்றி மொழியுறவு பேசுவது, இரைசுனர் கெர்மாவுக்குச் செய்ததையே மறுதலையாகச் செய்வதாகும். அவர்தம் தீவு அவர்தம் மொழியிலேயே இருக்கட்டும். துரத்துவது என்னும் பெயர் போய், மதிலைக் கண்டோர் இங்கே ஏதோ ஓர் அரசன் இருந்தான் என்று மட்டும் நினைத்து இட்ட பெயர் நின்றது. எந்த அரசன் என்பது அவர்க்கு ஒரு பொருட்டாகவில்லை.

அம்மொழியில் நடுக்காலத்தில் கிரேக்க, கொப்திய எழுத்துகளோடு மெரோயிய எழுத்துச் சிலவற்றையும் சேர்த்து நூல்கள் எழுதினர். பின்னர் எழுத்து வழக்கிழந்தது, அரபு மேலோங்கியது, பேச்சு மட்டும் எஞ்சியது. பழைய நூபிய எழுத்தையே இன்றைய பேச்சுக்கு மீட்க வேண்டும் என முக்தார் கலீல் கப்பாரா என்னும் நூபிய அறிஞர் வழிவகுத்தார்.

சூடானில் 2023 ஏப்பிரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. கார்த்தூம் அருங்காட்சியகம் துணைப்படையின் கையிற் சிக்கியது. 2025 மார்ச்சில் அரசுப்படை அதனை மீட்டபோது காட்சிப்பேழைகள் உடைந்து கிடந்தன. பொன்னறை வெறுமையாய் இருந்தது. தோட்டத்துக் கற்கோயில்கள் கனத்தால் தப்பின.

ஆற்றிலிருந்து எடுத்த கற்களின் கதை இவ்வாறாக, ஆற்றங்கரை மக்களின் கதை இன்னொன்று. பேரணை நீர் ஏறியபோது வாதி அல்பா வட்டத்தில் வாழ்ந்த நூபியர் ஏறத்தாழ ஐம்பதாயிரவர் வெளியேற்றப்பட்டனர். 1960இல் அவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தனர், பயனில்லை. 1964இல் தொடர்வண்டியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், அத்பரா ஆற்றங்கரையில் கசும் எல் கிர்பா என்னும் இடத்தில் குடியேற்றினர். பலர் வண்டி ஏறுமுன் முன்னோர் கல்லறைகளுக்குச் சென்று நீர் தெளித்துவிட்டு வந்தனர். நைலும் இல்லை, பேரீந்தும் இல்லை, மழை பெய்யும் கரிசல் நிலம் அது. அவர்கள் விட்டுச்சென்ற ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் நூபியப் பெயர் உண்டு. புதிய ஊர்களுக்கு அரசு பெயரிடவில்லை. முதலாம் ஊர், இரண்டாம் ஊர், மூன்றாம் ஊர் என்று எண்ணிட்டது.